இடைப்பட்ட இருபது ஆண்டுகள்

கொலம்பியாவின் மெடலின் நகரத்தில் 83 பேர், தங்கள் மரபணுவில் இல்லாத ஒரு நோய்க்காக, மருந்தில்லாத ஊசியை ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். சில மாதங்களாக அவர்களைப் பற்றிய நினைப்பு என்னை விட்டு நீங்க மறுக்கிறது. அந்த நகரத்தைச் சுற்றியுள்ள அந்தியோகியா மலையூர்களில் சில ஆயிரம் பேர் கொண்ட பெருங்குடும்பம் ஒன்று இருக்கிறது. பிரெசெனிலின்-1 என்ற மரபணுவில் ஒரே ஒரு பிழை, தலைமுறை தலைமுறையாக அந்த ரத்தத்தில் இறங்கி வருகிறது. தாயிடமோ தந்தையிடமோ அது இருந்தால், பிள்ளைக்கு வருவதும் வராததும் சரிபாதி வாய்ப்பு. வந்தவர்களுக்கு 44 வயதை ஒட்டி நினைவு தடுமாறத் தொடங்கும். 49 வாக்கில் முழு அல்சைமர். 2013இல் இந்தக் குடும்பத்தாரிடையே ஒரு மருந்துச் சோதனை தொடங்கியது. நோய் தலைகாட்டும் முன்பே கிரெனெசுமாப் என்ற எதிர்ப்பொருளைக் கொடுத்தால் தடுக்க முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். சேர்ந்தவர்கள் 252 பேர். பிழை உள்ளவர்களை மட்டும் கூப்பிட்டால், கூப்பிட்ட அன்றே அவர்களுக்குத் தீர்ப்பும் சொல்லியாகிவிடும். அதனால் பிழை இல்லாத 83 பேரையும் சேர்த்தார்கள். 169 பேரின் ரகசியத்தைக் காப்பாற்ற இந்த 83 பேரும் அதே வரிசையில் உட்கார்ந்து, அதே ஊசியைப் போட்டுக்கொண்டு, அதே பரிசோதனைக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். தாங்கள் எந்தப் பக்கம் என்பது அவர்களுக்கும் சொல்லப்படவில்லை. 2022இல் முடிவு வந்தது: குறிப்பிட்டுச் சொல்லும்படியான பலன் இல்லை.

மருந்து தோற்றது வருத்தம்தான். மருந்துகள் தோற்பது புதிதல்ல. என்னை உறுத்துவது வேறு. அந்த மலையூர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகக் கையை நீட்டி ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தத்தைப் பிடித்து, உறையாமல் இருக்க மெல்ல எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்துவார்கள். பிறகு அதைச் சுழற்றும் இயந்திரத்தில் வைப்பார்கள். சில நிமிடங்களில் சிவப்பு அடியில் படிந்துவிட, மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும். அதைச் சிறு குப்பிகளில் பிரித்து, எண் ஒட்டி, மைனஸ் 80 டிகிரியில் அடுக்கிவிடுவார்கள். 2020இல் இப்படிச் சேர்ந்த மாதிரிகளை வைத்து இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. நரம்பிழைகள் சிதையும்போது கசியும் நியூரோஃபிலமென்ட் புரதம், பிழை உள்ளவர்களின் ரத்தத்தில் 22 வயதிலேயே மற்றவர்களைவிடக் கூடத் தொடங்குகிறது. பி-டௌ 217 என்ற புரதமோ 25 வயதை ஒட்டி. 22 வயது என்பது கல்லூரி முடித்து வேலை தேடும் வயது, கல்யாணப் பேச்சு தொடங்கும் வயது. அந்த மனிதருக்கு இன்னும் ஒரு பெயர்கூட மறக்கவில்லை. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடவில்லை. குளிரில் உறைந்திருக்கும் குப்பிக்கு மட்டும் விஷயம் தெரிந்திருக்கிறது. அந்தக் குடும்பங்களோடு நாற்பது ஆண்டுகள் கூடவே இருந்த நரம்பியல் மருத்துவர் ஃபிரான்சிஸ்கோ லோபேரா 2024 செப்டம்பரில் காலமானார். மலையேறிப் போய், தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டி, யாருக்கு யார் பிள்ளை என்று அவரும் அவருடைய செவிலியர்களும் வரைந்த குடும்ப மரம் இல்லாவிட்டால் இந்த ஆய்வுகளில் எதுவும் இல்லை. சொல்லாமல் இருந்ததில் அவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் நினைக்கவில்லை. சொன்ன பிறகு தாங்கிப் பிடிக்க அந்த ஊர்களில் ஆள் இல்லை. ஆனால் ஒருவருடைய உடம்பின் எதிர்காலம் அவரைத் தவிர மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும் ஓர் ஏற்பாட்டோடு என்னால் சமாதானமாக இருக்க முடியவில்லை.

உயிரோடு இருக்கும் மூளையைத் திறந்து பார்க்க முடியாது என்பதில்தான் எல்லாம் தொடங்கியது. 1901இல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் மருத்துவர் அல்சைமர் சந்தித்த அகஸ்ட் டேட்டர் என்ற பெண்ணுக்கு அப்போது 51 வயது. அவளிடம் கேள்வி கேட்டுக் குறிப்பெடுத்துக்கொள்ளத்தான் அவரால் முடிந்தது. 1906இல் அவள் இறந்த பிறகே மூளையின் சீவல்கள் வெள்ளிச் சாயத்தில் நனைந்து நுண்ணோக்கிக்கு அடியில் வந்தன. திட்டுகளும் முடிச்சுகளும் கண்ணுக்குப் பட்டன. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக்கு, உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் சாவுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதே நிலைமை. மூளையைச் சுற்றி ஓடும் நீரை முதுகுவழியே எடுக்க முடியும் என்று ஹைன்ரிஹ் குவின்கே 1891இலேயே காட்டியிருந்தார். நம் ஆஸ்பத்திரிகளில் முதுகில் தண்ணி எடுப்பது என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே வீட்டாரின் முகம் வெளுத்துவிடும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சுவரை மடக்கச் சொல்லி, இடுப்பெலும்புக்கு நேரே இரண்டு கணுக்களுக்கு நடுவில் ஊசியை இறக்குவார்கள். சொட்டுச் சொட்டாக வருவது, பார்வைக்கு வெறும் தண்ணீர். அதிலே அமிலாய்டு-பீட்டா 42 என்ற புரதத்தை அளந்தபோது கிடைத்த விடை தலைகீழாக இருந்தது. அல்சைமர் நோயாளிகளிடம் அது கூடுதலாக இல்லை, ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. மூளையில் திட்டுகளாகப் படிந்துவிட்டதால் நீருக்குள் வந்து சேர மிச்சம் இல்லை. இந்தப் புரதம் எதிலும் ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளது. கண்ணாடிக் குழாயிலோ பாலிஸ்டைரீன் குழாயிலோ பிடித்தால் சுவரிலேயே ஒரு பகுதி தங்கிவிடும்; அளவு குறைவாகக் காட்டும்; நோயில்லாதவர் நோயாளியாகிவிடுவார். அதனால் பாலிபுரொப்பிலீன் குழாயில்தான் பிடிக்க வேண்டும். ஒரு மனிதரின் மிச்ச வாழ்க்கை, குழாயை எந்தப் பிளாஸ்டிக்கில் செய்தார்கள் என்பதைப் பொறுத்து மாறிவிடக் கூடும் என்பதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இப்போது முதுகு ஊசிக்கே தேவை குறைந்துவருகிறது. டௌ புரதத்தின் சங்கிலியில் 217ஆவது இடத்தில் ஒரு பாஸ்பேட் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை, கைநரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில், ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு பிகோகிராமுக்கும் கீழே இருந்தால்கூட எண்ணிவிடுகிறார்கள். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு பிகோகிராம். மனித அறிவின் மீது எனக்கு உண்மையான வியப்பு ஏற்படும் இடம் இது.

பெரியம்மாவின் மொய் நோட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு விசேஷம் என்றால் வாசலில் மேசை போட்டு மொய் எழுதுவார்கள். பொதுவாக ஆண்களின் வேலை. எங்கள் வீட்டில் மட்டும் கையெழுத்து அழகு என்பதால் பெரியம்மாதான் எழுதுவார். ஊர், பெயர், யாருடைய மகன், தொகை. விசேஷம் முடிந்ததும் நோட்டை மஞ்சள் துணியில் சுற்றிப் பீரோவில் வைப்பார். யார் வீட்டிலாவது கல்யாணம் என்றால் எடுத்துப் பார்த்து, நமக்கு அவர்கள் செய்ததற்குக் குறையாமல் செய்யச் சொல்வார். நோட்டைப் பார்க்காமலேயே பாதிக்கு மேல் சொல்லவும் சொல்வார். அறுபதுகளின் கடைசியில் அவருக்கு நோய் வந்தது. ஒருநாள் பீரோவைத் திறந்து, கடைசியாகத் தான் எழுதிய நோட்டை விரித்து வைத்துக்கொண்டு என் அம்மாவைக் கூப்பிட்டார். ஒரே பெயர் மூன்று இடத்தில் இருந்தது. சில பெயர்களுக்கு எதிரே தொகையே இல்லை. "ஏண்டி, நம்ம வீட்டு மொய்ய யாருடி இப்படிக் கிறுக்கி வெச்சது?" அம்மா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "நாந்தாங்க்கா. உனக்கு அன்னிக்கு உடம்பு முடியல, நான் உக்காந்து எழுதுனேன். கைவலி வேற." பெரியம்மா கொஞ்ச நேரம் அம்மாவைத் திட்டினார். அம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். பெரியம்மா போன பிறகு, பழைய நோட்டுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தோம். பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு காதுகுத்து நோட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று எழுத வேண்டிய இடத்தில் சிவகாசி என்று இருந்தது. அதற்கும் முன்னால் ஒரு கூட்டல் தப்பு. "அப்பவே ஆரம்பிச்சிருச்சு போல" என்றார் மாமா. எல்லோரும் தலையாட்டினோம். காதுகுத்துக்கு முந்தைய மூன்று இரவுகள் பெரியம்மா கண்மூடவில்லை என்பது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. மேசையைச் சுற்றி நின்று ஐந்து பேர் ஒரே நேரத்தில் தொகை சொன்னால் யாருக்குத்தான் கூட்டல் தப்பாது?

முடிந்துபோன வாழ்க்கையை நாங்கள் அப்படிப் படித்தோம். ஒவ்வொரு பிழையும் அடையாளமாயிற்று. ரத்தச் சோதனை செய்யப்போவதும் ஏறக்குறைய இதுதானோ என்பதுதான் என் பயம். இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் கையே தன் நோட்டை அப்படிப் படிக்கும்படி ஆகிவிடும். 50 வயதில் ஒருவரிடம் உன் ரத்தத்தில் அது கூடியிருக்கிறது என்று சொன்ன பிறகு, அவருக்குச் சாதாரண மறதி என்று ஒன்று மிஞ்சுமா? அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தால், அது வேலைச் சுமையால் வந்த மறதியாக இருக்க முடியாது. அவர் கோபப்பட்டால் மனைவிக்கு ஒரு சந்தேகம். அவர் சொத்து விஷயமாக ஒரு முடிவெடுத்தால் பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம். அமெரிக்காவில், அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் ஏபிஓஇ-4 மரபணு இருக்கிறதா என்று சொல்லிவிட்டு, சொல்லப்பட்டவர்களின் மனநிலையைத் தொடர்ந்து கவனித்த ரிவீல் ஆய்வு ஒன்று உண்டு. 2009இல் வந்த அதன் முடிவுகள், பெரும்பாலோர் உடைந்துபோய்விடவில்லை என்றே காட்டின. அதை நான் நம்புகிறேன். மனிதர்கள் நாம் நினைப்பதைவிட உறுதியானவர்கள். ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் தெரிந்துகொள்ள விரும்பி வந்தவர்கள். முன்னும் பின்னும் பக்கத்தில் உட்கார்ந்து பேச அவர்களுக்கு ஆள் இருந்தது. மனநிலைக் கேள்வித்தாள் அளக்கும் பதற்றத்தைப் பற்றியும் நான் பேசவில்லை. தன்னைத்தானே சந்தேகத்தோடு பார்க்கப் பழகிவிடுவதைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு எந்தக் கேள்வித்தாளிலும் கட்டம் இல்லை.

ரத்தத்தில் குறி தெரிந்தும் அறிகுறி இல்லாத அந்த மனிதரை என்னவென்று அழைப்பது என்பதிலேயே மருத்துவர்களுக்குள் ஒருமை இல்லை. 2024இல் அமெரிக்க அல்சைமர் சங்கம் கூட்டிய குழு, ரத்தத்திலோ தண்டுவட நீரிலோ முக்கியமான உயிர்க்குறிகள் தெரிந்துவிட்டால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் நோய் இருக்கிறது என்றே கொள்ளலாம் என வரையறுத்தது. அதே ஆண்டு சர்வதேச ஆய்வாளர்களின் இன்னொரு குழு மறுத்து எழுதியது: அவர் நோயாளி அல்ல, அபாயத்தில் உள்ளவர், மனம் தடுமாறாதவரை நோய் என்று சொல்லாதீர்கள். என் மனம் இரண்டாவது பக்கமே சாய்கிறது. மூளையில் அமிலாய்டு மட்டும் படிந்துள்ள 65 வயதுப் பெண்களை எடுத்துக்கொண்டால், மிச்ச ஆயுளில் அல்சைமர் மறதி நோய்க்கு ஆளாகக்கூடியவர்கள் பத்தில் மூவர் அளவில்தான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மற்ற ஏழு பேரும் வேறு ஏதோ காரணத்தால், தங்கள் நினைவோடேயே போய்ச் சேருவார்கள். அமெரிக்கக் கன்னியாஸ்திரிகள் 678 பேரைத் தொடர்ந்து கவனித்த டேவிட் ஸ்னோடனின் ஆய்வில் சிஸ்டர் மேரி என்று ஒருவர் வருகிறார். 101 வயதுவரை இருந்தார். நினைவுச் சோதனைகளில் நல்ல மதிப்பெண் வாங்கினார். இறந்த பிறகு பார்த்தால் மூளையில் நோயின் திட்டுகளும் முடிச்சுகளும் தாராளமாக இருந்தன. அந்தியோகியாவிலேயே அலிரியா பியெத்ராயிதா இருந்தார். பிரெசெனிலின் பிழை அவருக்கும் உண்டு. 44இல் தடுமாறியிருக்க வேண்டியவர், எழுபதுகளில்தான் தடுமாறினார். மூளை நிறைய அமிலாய்டு, ஆனால் டௌ முடிச்சுகள் மிகக் குறைவு. கிறைஸ்ட்சர்ச் என்று பெயரிடப்பட்ட அபூர்வமான இன்னொரு மரபணு மாற்றம் இரண்டு பக்கமிருந்தும் அவருக்கு வந்து சேர்ந்து காப்பாற்றியிருக்கிறது என்று 2019இல் எழுதினார்கள். 22 வயதில் அவரிடம் ஒரு குப்பியைக் காட்டி உன் கணக்கு இவ்வளவுதான் என்று யாராவது சொல்லியிருந்தால், அந்த வாக்கியத்துக்குள்ளேயே அவர் ஐம்பது வருடம் வாழ்ந்திருப்பார்.

இதற்கிடையில், 2025இல் கோதன்பர்க் ஆய்வாளர்கள் எழுதிய ஒன்று என் யோசனையைப் புரட்டிப்போட்டது. பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் பி-டௌ 217 அல்சைமர் நோயாளிகளிடம் இருப்பதைவிட அதிகமாக இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்தவர்களிடம் இன்னும் அதிகம். வளர வளர அது இறங்கிவிடுகிறது. நரம்புகள் கிளைவிட்டுப் பரவும் காலத்தில் மூளைக்கு அது வேண்டியிருக்கிறது போலும். பனிக்கால நெடுந்தூக்கத்தில் இருக்கும் தரையணில்களின் மூளையிலும் டௌவில் பாஸ்பேட் ஏறி, விழித்ததும் இறங்கிவிடுவதை முன்பே கண்டிருக்கிறார்கள். ஆகவே இதை விஷம் என்று சொல்லிவிட முடியாது. தொட்டில் பிள்ளையிடம் கட்டுமானத்தின் அடையாளமாக இருப்பது முதியவரிடம் சரிவின் அடையாளமாக இருக்கிறது. பிள்ளை எப்படி அதை முடிச்சு விழாமல் இறக்கி வைக்கிறது என்பது தெரிந்தால், இந்த ஆராய்ச்சியின் மொத்தத் திசையுமே மாறலாம். குப்பியில் இருக்கும் எண்ணுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. யாருடைய குப்பி, எந்த வயது, எந்த உடம்பு என்று கேட்ட பிறகே அது பேசும்.

எந்த உடம்பு என்ற கேள்வி நமக்கு அருகே வரும் கேள்வி. 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அல்சைமருக்கான முதல் ரத்தச் சோதனைக்கு அனுமதி தந்தது. லூமிபல்ஸ் என்ற அந்தச் சோதனை பி-டௌ 217, அமிலாய்டு 42 இரண்டுக்குமான விகிதத்தைப் பார்க்கிறது. 499 பேரின் மாதிரிகளை வைத்துச் சரிபார்த்தபோது, இருக்கிறது என்று அது சொன்னவர்களில் 91.7 சதவீதம் பேருக்கு ஸ்கேனிலோ தண்டுவட நீரிலோ அமிலாய்டு உறுதியானது; இல்லை என்று சொன்னவர்களில் 97.3 சதவீதம் பேருக்கு இல்லை என்றே உறுதியானது. 20 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கு இப்படியுமில்லை, அப்படியுமில்லை. நல்ல சோதனைதான். அனுமதி யாருக்கு என்பதைத்தான் கவனிக்க வேண்டும்: 55 வயதை எட்டி, நினைவுத் தடுமாற்றம் ஏற்கெனவே தெரிந்து, நிபுணரிடம் வந்திருப்பவர்களுக்கு. ஒன்றும் இல்லாதவர்கள் எட்டிப் பார்த்துக்கொள்வதற்கு அல்ல. சிறுநீரகம் பழுதானால் இந்த டௌ ரத்தத்தில் தேங்கி அளவு கூடிக் காட்டும். உடல் பருமன் இருந்தால் குறைத்துக் காட்டக்கூடும். சர்க்கரை நோயும் அதன் பின்னாலேயே சிறுநீரகக் கோளாறும் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊரில், வெளிநாட்டவர் உடம்பில் வகுத்த எல்லைக்கோட்டை அப்படியே போட்டுப் பார்த்தால் என்ன ஆகும்? மாஸ்டர் ஹெல்த் செக்கப் பட்டியலில் கொலஸ்ட்ராலுக்கும் தைராய்டுக்கும் அடுத்த வரியாக, இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் இதையும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருநாள் வந்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முடிவு கைப்பேசியில் பிடிஎஃப்பாக வரும். அளவு மிஞ்சினால் தடித்த எழுத்தில் இருக்கும். அதைப் பேருந்தில் நின்றுகொண்டு திறந்து பார்க்கப்போகிற மனிதரை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மருந்து இருக்கிறதே என்பார்கள். லெக்கானெமாப் 2023இல் முழு அனுமதி பெற்றது. 1,795 பேரைக் கொண்டு பதினெட்டு மாதம் நடந்த சோதனையில், மருந்து பெற்றவர்களிடம் சரிவின் வேகம் 27 சதவீதம் குறைந்தது. நின்றுவிடவில்லை, குறைந்தது. சிலருக்கு மூளையில் வீக்கமும் நுண்ணிய ரத்தக் கசிவும் வந்தன. இதுவும் அறிகுறி தொடங்கியவர்களுக்கான மருந்து. ரத்தத்தில் குறி தெரிந்தும் அறிகுறி தொடங்காத, இடைப்பட்ட இருபது ஆண்டுக்காரருக்குக் கொடுக்க இன்றைக்கு நம்மிடம் இருப்பது ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள், சர்க்கரையைப் பார்த்துக்கொள், நட, காது மந்தமானால் கருவி வை, நாலு பேரோடு பழகு என்ற அறிவுரைதான். அது நல்ல அறிவுரை. அதைச் சொல்ல ரத்தம் எடுக்க வேண்டியதில்லை.

இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தபோதும், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்ற முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. ஹண்டிங்டன் நோய்க்கு 1993இலேயே மரபணு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. சோதனை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அபாயத்தில் உள்ளவர்களில் சிறு பகுதியினரே முன்கூட்டித் தெரிந்துகொள்ள வந்தார்கள். மற்றவர்கள் வேண்டாம் என்று தேர்ந்தெடுத்தார்கள். வேண்டாம் என்பதும் அவர்கள் சொன்ன பதில். அந்தியோகியாவில் கல்யாணம் ஆகப்போகிற ஒரு பெண், பிள்ளை பெறுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் தன் குப்பியைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், உன்னால் தாங்க முடியாது என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. எங்கள் அம்மாவுக்கு இதையெல்லாம் ஒரு மாலையில் விளக்கிச் சொன்னேன். அக்காவுக்கு வந்ததால் தனக்கும் வருமோ என்ற நினைப்பு அவளுக்கு இல்லாமல் இல்லை. கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டவள், "எனக்கு அப்படி ஏதாவது தெரிஞ்சா எங்கிட்டயே சொல்லிரு. நான் அக்காகிட்ட சொன்ன மாதிரி எங்கிட்ட சொல்லாத" என்றாள். பெரியம்மாவின் முன்னால் அவள் சொன்ன பொய்யை நான் இதுவரை அன்பின் உச்சம் என்றே நினைத்திருந்தேன். அவளுக்கு அதில் ஒரு முள் இருந்திருக்கிறது. அம்மாவுக்குத் தடுமாற்றம் தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட மாட்டேன். முதலில் பி12, தைராய்டு, சிறுநீரகம் பார்ப்போம். அவற்றில் காரணம் கிடைக்காவிட்டால் இந்தச் சோதனை, முதுகில் ஊசி குத்தாமல் தெரிந்துகொள்ள வழியிருப்பதற்கு நன்றியோடு. முடிவு வரும்போது அவள் அறைக்குள் இருக்க வேண்டும், மருத்துவர் என் முகத்தைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வேன். அறிகுறி ஒன்றும் இல்லாத என் ரத்தத்தை மட்டும் இப்போதைக்கு இந்தச் சோதனைக்குக் கொடுப்பதாக இல்லை.